தகுதியை மட்டும்தான் பார்க்கிறோம்: இங்கிலாந்தில் மூத்த நீதிபதிகள் தேர்வாகும் விதம்

பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் 12 நீதிபதி இடங்கள் உண்டு. 2009 அக்டோபரில் அது திறக்கப்பட்டபோது அங்கே இருந்த ஒரே பெண் பிரெண்டா ஹேல். அதற்குப் பின் 2024 வரை கணக்கெடுத்தால், அவரையும் சேர்த்து அங்கே நீதிபதியாக இருந்த பெண்கள் ஐந்து பேர். வெள்ளையர் அல்லாதவர் ஒருவர்கூட இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 18 சதவீதம் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள் என்கிறது 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

நிறத்தையோ பாலினத்தையோ காரணம் காட்டி ஒருவருக்கு வேலை மறுப்பது அங்கே சட்டவிரோதம். தேர்வுக் குழுவில் இருப்பவர்களைக் கேட்டால், "தகுதியை மட்டும்தான் பார்க்கிறோம்" என்பார்கள். பெரும்பாலும் அது பொய்யும் அல்ல. அப்புறம் ஏன் முடிவு மட்டும் இப்படி ஒரே பக்கமாகச் சாய்கிறது?

பாரபட்சம் என்றதும் நம் மனதில் ஒரு வில்லன் வருகிறான். "நீ பெண், உனக்கு இந்த வேலை கிடையாது" என்று முகத்துக்கு நேரே சொல்பவன். சட்டம் அதை நேரடிப் பாகுபாடு என்கிறது. அதைக் கண்டுபிடிப்பது ஓரளவு சுலபம். இன்னொரு வகை மறைமுகப் பாகுபாடு. விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கும், ஆனால் அதைப் பூர்த்தி செய்வது சிலருக்கு மட்டும் எளிதாக இருக்கும். ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை எல்லோரையும் போட்டுப் பார்க்கச் சொல்லி, யாருக்குப் பொருந்துகிறதோ அவரே தகுதியானவர் என்று அறிவிப்பது போன்றது இது. மூத்த நீதிபதிகள் விஷயத்தில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

முதலில், மூத்த நீதிபதிகள் என்றால் யார்? இங்கிலாந்தில் கீழ்த்தட்டில் சம்பளம் இல்லாத மாஜிஸ்திரேட்டுகள், அவர்களுக்கு மேலே மாவட்ட நீதிபதிகள், சர்க்யூட் நீதிபதிகள் என்று ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மேலே உயர் நீதிமன்றத்தில் நூற்றுச் சொச்சம் பேர், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நாற்பதுக்குள், உச்சியில் அந்த 12 பேர். இந்த மூன்று தட்டுகளும் சேர்ந்ததுதான் மூத்த நீதித்துறை. கீழே உள்ளவர் வழக்கைத் தீர்க்கிறார். மேலே உள்ளவர் சட்டத்துக்குப் பொருள் சொல்கிறார், கீழே உள்ள எல்லோரையும் அது கட்டுப்படுத்தும். அதனால்தான் மேல்தட்டில் யார் இருக்கிறார்கள் என்பதில் இவ்வளவு பேச்சு.

2006க்கு முன்பு இந்த இடங்களுக்கு ஆள் பிடித்த முறை விசித்திரமானது. லார்ட் சான்சலர் ஒரே நேரத்தில் அமைச்சர், நீதித்துறையின் தலைவர், பிரபுக்கள் சபையின் அவைத்தலைவர். அவருடைய அலுவலகம் பதவியில் இருக்கும் நீதிபதிகளிடமும் மூத்த பாரிஸ்டர்களிடமும், அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்களிடமும், ரகசியமாக விசாரிக்கும். இன்னார் எப்படி, குணம் எப்படி, நம்மோடு ஒத்துப்போவாரா என்று. யார் என்ன சொன்னார்கள் என்பது சம்பந்தப்பட்டவருக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் திருப்தியாக இருந்தால் ஒரு நாள் கூப்பிட்டு அனுப்புவார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி வேலைக்கு விளம்பரம் கொடுப்பது என்பதே 1990களின் கடைசியில்தான் வந்தது.

இதில் யாரும் யாரையும் வெறுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நீதிபதி தனக்குத் தெரிந்தவரைப் பற்றித்தான் நல்லது சொல்ல முடியும். அவருக்குத் தெரிந்தவர்கள் அவரோடு ஒரே சேம்பர்ஸில் (பாரிஸ்டர்கள் பகிர்ந்துகொள்ளும் அலுவலகத்தில்) இருந்தவர்கள், அவர் முன்னால் பெரிய வணிக வழக்குகளில் வாதாடியவர்கள், ஒரே சங்கத்தில் சேர்ந்து சாப்பிட்டவர்கள். கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி வழக்கைத் தயார்செய்யும் வழக்கறிஞர்களான சொலிசிட்டர்களின் அமைப்பு லா சொசைட்டி, 1999இல், இந்த ரகசிய விசாரிப்பில் இனி நாங்கள் பங்கெடுக்க மாட்டோம் என்று விலகியது. சொலிசிட்டர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பாரிஸ்டர்கள் சுமார் 17,000 பேர்தான். பெண்களும் சிறுபான்மையினரும் அதிகம் இருப்பது சொலிசிட்டர் பக்கம், நீதிபதிகள் வந்துகொண்டிருந்தது பாரிஸ்டர் பக்கம். இனம், பாலினம் என்ற சொல்லே எங்கும் வராமல் இரண்டும் வடிகட்டப்பட்டுவிட்டன.

அந்தக் காலத்தில் உள்ளே நுழைந்த முதல் ஆட்களின் அனுபவமே ஒரு பாடம். பெண்கள் வழக்கறிஞராகலாம் என்று சட்டம் அனுமதித்தது 1919இல். உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண், எலிசபெத் லேன், வந்தது 1965இல். நடுவே 46 ஆண்டுகள். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முதல் பெண்ணாக எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் 1988இல் வந்தார். சட்டத்தில் அந்தப் பதவிக்கு 'லார்ட் ஜஸ்டிஸ்' என்றுதான் பெயர் இருந்தது, எனவே அந்த அம்மையாரும் அதிகாரபூர்வமாக 'லார்ட் ஜஸ்டிஸ்' ஆகவே இருந்தார். பேச்சு வழக்கில் 'லேடி ஜஸ்டிஸ்' என்று அழைக்கலாம் என அனுமதி வர 1994 ஆயிற்று. சட்டப் புத்தகத்தில் திருத்தம் அதற்கும் பிறகு. சிறுபான்மையினரில் மோட்டா சிங் 1982இல் சர்க்யூட் நீதிபதியானார். நீதிபதிகள் தலையில் வைக்கும் குதிரைமுடி விக்குக்குப் பதிலாகத் தன் வெள்ளைத் தலைப்பாகையோடு ஆசனத்தில் அமர்ந்தார். உயர் நீதிமன்றத்தில் வெள்ளையர் அல்லாத முதல் நீதிபதி லிண்டா டாப்ஸ், 2004இல்தான்.

2005இல் அரசியலமைப்புச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 2006 ஏப்ரலில் நீதிபதிகள் நியமன ஆணையம் வேலையைத் தொடங்கியது. விளம்பரம், விண்ணப்பம், நேர்காணல், சட்டத்துறை சாராத ஒரு தலைவர் என்று எல்லாம் முறைப்படி. பழைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் சட்டத்தின் வாசகத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். தேர்வு முழுக்க முழுக்கத் தகுதியின் அடிப்படையில் மட்டுமே நடக்க வேண்டும் என்கிறது 63ஆம் பிரிவு. அடுத்த பிரிவு, பன்முகத்தன்மையை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. எதில்? தேர்வுக்குக் கிடைக்கக்கூடிய ஆட்களின் வட்டத்தில். அதாவது, பலதரப்பட்டவர்களை விண்ணப்பிக்க வையுங்கள், எடுக்கும்போது அதைப் பார்க்காதீர்கள். வாசலில் கோலம் போட்டு வரவேற்பதோடு பன்முகத்தன்மையின் வேலை முடிந்துவிடுகிறது.

தகுதி என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. அதை ஆணையம் தன் அளவுகோல்களால் நிரப்புகிறது, வேட்பாளர்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லப் பெரும்பாலும் நீதிபதிகளையே கேட்கிறது. உச்ச நீதிமன்றத்துக்கு என்று வரும்போது தனித் தேர்வுக் குழு கூடும், அதில் அந்த நீதிமன்றத்தின் தலைவரே உட்காருவார். அந்தக் குழு மூத்த நீதிபதிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. ரகசிய விசாரிப்பு பின்வாசல் வழியாகத் திரும்பிவிட்டது என்று விமர்சகர்கள் சொல்வது இதனால்தான். எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் படுகிறது. இப்போது குறைந்தபட்சம் பதிவேடு இருக்கிறது, புள்ளிவிவரம் வெளியாகிறது, குறை சொல்ல ஒரு இடம் இருக்கிறது. ஆனால் சிறந்த நீதிபதி எப்படி இருப்பார் என்ற படம், ஏற்கெனவே இருக்கும் நீதிபதிகளின் தலைக்குள்தான் இன்னும் இருக்கிறது. அது மாறவில்லை.

அந்தப் படத்தில் இருப்பவரைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. சட்டன் டிரஸ்ட் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி மூத்த நீதிபதிகளில் 65 சதவீதம் பேர் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில் படித்தவர்கள், 71 சதவீதம் பேர் ஆக்ஸ்போர்டிலோ கேம்பிரிட்ஜிலோ படித்தவர்கள். நாட்டு மக்களில் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் 7 சதவீதம்தான். பள்ளி, கல்லூரி, நல்ல சேம்பர்ஸ், பெரிய வழக்குகள், மூத்த வழக்கறிஞர்களுக்குத் தரும் கிங்ஸ் கவுன்சல் பட்டம், பகுதிநேர நீதிபதி வேலை, பிறகு உயர் நீதிமன்றம். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியே தகுதிச் சான்று. குடும்ப வழக்கு, குற்ற வழக்கு, குடியேற்ற வழக்கு என்று அரசு சட்ட உதவிப் பணத்தில் நடக்கும் வேலைகளில் பெண்களும் சிறுபான்மை வழக்கறிஞர்களும் அதிகம். காசும் பேரும் தரும் வணிக வழக்குகளில் குறைவு. உச்சியில் அதிகம் மதிக்கப்படுவது எது என்று சொல்லவே வேண்டாம்.

பிறகு, நடைமுறைச் சங்கடங்கள். உயர் நீதிமன்ற நீதிபதிகள் லண்டனிலேயே இருக்க முடியாது, வாரக்கணக்கில் வெளியூர் நகரங்களுக்குப் போய் நீதிபதிகளுக்கான விடுதிகளில் தங்கி வழக்கு விசாரிக்க வேண்டும். வீட்டில் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆணை மனதில் வைத்து வகுத்த ஏற்பாடு இது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள பெண்களில் பலர், இந்த வேலைக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே கழிந்துவிடுகிறார்கள். அவர்கள் பெயர் எந்த நிராகரிப்புப் பட்டியலிலும் வராது. நிறத்தின் கதை வேறு மாதிரி. 2020இல் ஒரு கறுப்பின இளம் பெண் பாரிஸ்டர், ஒரே நாளில் மூன்று முறை, நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் என்று தவறாக நினைக்கப்பட்டார். நீதிமன்ற நிர்வாகத்தின் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். வழக்காட வருபவரையே வழக்கறிஞராகப் பார்க்காத கண், அவரை நாளைய நீதிபதியாகப் பார்க்க எத்தனை காலம் எடுத்துக்கொள்ளும்?

இதற்குப் பொதுவாக வரும் பதில், பொறுங்கள் என்பது. கீழே இப்போது பெண்கள் நிறைய வருகிறார்கள், காலப்போக்கில் மேலேயும் வந்துவிடுவார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜோனதன் சம்ப்ஷன் 2015இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் இதை வெளிப்படையாகவே சொன்னார். சமநிலை வர 50 ஆண்டுகள்கூட ஆகலாம், அவசரப்பட்டால் நீதித்துறைக்கு மோசமான விளைவு வரும், திறமையான ஆண்கள் விண்ணப்பிக்காமல் போய்விடுவார்கள் என்று. பெரிய சர்ச்சையானது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சம்ப்ஷன் அந்த வரிசையில் நின்று வந்தவர் அல்ல. முழுநேர நீதிபதியாக எங்கும் இருந்ததில்லை, 2012இல் பாரிஸ்டர் தொழிலிலிருந்து நேராக உச்ச நீதிமன்றம் போனவர். ஆண்ட்ரூ பர்ரோஸ் 2020இல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் வேலையிலிருந்து நேராக அங்கே போனார். இருவரும் மேதைகள்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் வரிசையைத் தாண்டிக் குதிக்க முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. விதிவிலக்கு கொடுக்க மனம் வைத்தால் கொடுக்க முடிகிறது. பிரெண்டா ஹேலும் ஒரு விதத்தில் அப்படி வந்தவர்தான். மான்செஸ்டரில் பல ஆண்டுகள் சட்டம் கற்பித்து, சட்ட ஆணையத்தில் வேலை பார்த்து, 1994இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தவர். 2004இல் உச்சத்தட்டுக்குப் போனார்; 2009 வரை அது பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் குழுவாக இருந்தது. அடுத்த பெண், ஜில் பிளாக், வந்து சேர 13 ஆண்டுகள் ஆயின.

தானாக ஏறும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதல்ல. 2018இல் உச்ச நீதிமன்றத்தில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஹேல், பிளாக், ஆர்டன் மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஓய்வுபெற்றார்கள். 2022 ஜனவரியிலிருந்து 2023 நவம்பர் வரை 12 பேரில் விவியன் ரோஸ் ஒருவர்தான் பெண். திரும்பத் தொடங்கிய இடத்துக்கே.

2013இல் ஒரு சின்னத் திருத்தம் வந்தது. இரண்டு பேர் சமமான தகுதியோடு இருந்தால், குறைவாக உள்ள பிரிவைச் சேர்ந்தவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் இரண்டு பேர் அச்சுப்பிசகாமல் சமம் என்று குழு ஒப்புக்கொள்ள வேண்டும். மதிப்பெண் போட்டுத் தரவரிசை எழுதும் குழுவுக்கு யாரையாவது ஒரு பங்கு மேலாக வைப்பதுதான் பழக்கம். அதனால் அந்தத் திருத்தம் கதவைத் திறந்ததைவிட, திறக்கலாம் என்று சொன்னதே அதிகம்.

சரி, நீதிபதி நடுநிலையாக இருந்தால் போதாதா, அவர் ஆணா பெண்ணா, கறுப்பா வெள்ளையா என்பது எதற்கு? நியாயமான கேள்வி. பெண் நீதிபதி பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்வார் என்று யாராவது வாதாடினால் அதை நான் ஏற்க மாட்டேன், அது நீதிபதிகளையே இழிவுபடுத்துவது. விஷயம் அதைவிட நுணுக்கமானது. 2010இல் திருமணத்துக்கு முன்பே சொத்துப் பிரிவினை பற்றிச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒன்பது நீதிபதிகள் கேட்டார்கள். எட்டு ஆண்களும் அந்த ஒப்பந்தத்துக்குக் கனம் கொடுத்தார்கள். ஹேல் மட்டும் மாறுபட்டார். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் நோக்கமே பணபலம் குறைந்த துணைக்குக் கிடைப்பதைக் குறைப்பதுதான், அந்தத் துணை பெரும்பாலும் மனைவி என்றார். இதில் ஒரு பாலினப் பரிமாணம் இருக்கிறது, எட்டு ஆண்களும் ஒரு பெண்ணும் உள்ள நீதிமன்றம் இதை முடிவு செய்வது பொருத்தமில்லை என்று சிலர் நினைக்கக்கூடும் என்றும் தீர்ப்பிலேயே எழுதினார். அந்த வழக்கில் பணக்காரர் மனைவிதான். ஹேலின் கவலை, அந்தத் தம்பதியைத் தாண்டி விதி யார் தலையில் விழும் என்பது.

இன்னொன்று 2011 ஜனவரியில். கணவன் அடிக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் முன்னால் கத்துவான், வீட்டுச் செலவுக்குக் காசு கொடுக்க மாட்டான். பயந்துபோய் இரண்டு குழந்தைகளோடு வெளியேறிய பெண், லண்டனின் ஹவுன்ஸ்லோ நகராட்சியிடம் வீடு கேட்டார். அடி விழவில்லையே, அப்படியானால் வன்முறை இல்லை, நீங்கள் வீட்டுக்கே திரும்பலாம் என்றார்கள் அதிகாரிகள். சட்டத்தில் உள்ள வன்முறை என்பதில் மிரட்டலும் மனரீதியான துன்புறுத்தலும் அடங்கும் என்று முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹேல். கூட இருந்த நான்கு ஆண்களும் அந்த முடிவை எதிர்க்கவில்லை. ஒருவர் மட்டும் சந்தேகத்தோடு ஒத்துப்போனார், மற்றவர்களுக்கு அவர் பக்கத்தில் இருந்து எடுத்துச் சொன்னபோது அது புரிகிற விஷயமாகத்தான் இருந்தது.

இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்ட நாடு தென்னாப்பிரிக்கா. 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தபோது அங்கே சுமார் 165 நீதிபதிகள். கறுப்பின ஆண்கள் மூன்றே பேர். பெண்கள் இருவர், அவர்களும் வெள்ளையர். புதிய அரசியலமைப்புச் சட்டம் பூசி மெழுகவில்லை. நீதிபதிகளை நியமிக்கும்போது நாட்டின் இன, பாலின அமைப்பை நீதித்துறை பரவலாகப் பிரதிபலிக்க வேண்டிய தேவையைக் கருத்தில் கொண்டே ஆக வேண்டும் என்று 174ஆம் பிரிவில் எழுதியது. பிரிட்டனில் கோலத்தோடு நின்ற விஷயம் இங்கே கூடத்துக்குள் வந்துவிட்டது.

அதன் அருமை நவநீதம் பிள்ளையின் வாழ்க்கையில் தெரியும். டர்பனில் 1941இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், அப்பா பஸ் டிரைவர். 1967இல் நேட்டாலில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த வெள்ளையரல்லாத முதல் பெண். வழக்காடிய அத்தனை ஆண்டுகளிலும் ஒரு நீதிபதியின் அறைக்குள் கால் வைக்க அவருக்கு அனுமதி இருந்ததில்லை. 1995இல் உயர் நீதிமன்ற நீதிபதியானபோதுதான் முதன்முறையாக அப்படி ஓர் அறைக்குள் நுழைந்தார், அது அவருடைய அறையாகவே இருந்தது. அதே ஆண்டு ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்கும் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டாபா ஊரின் மேயராக இருந்த அகயேசு மீதான வழக்கைக் கேட்ட மூவரில் அவர் மட்டும் பெண். முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை என்ற பேச்சே இல்லை. சாட்சிகள் நடுவில் அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது நீதிபதிகள் மேலே கேட்டார்கள், 1997இல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் ஒரு வடிவமாகலாம் என்று 1998இல் தீர்ப்பு வந்தது. சர்வதேசச் சட்டத்தில் அப்படி ஒரு தீர்ப்பு அதற்கு முன் இல்லை.

தென்னாப்பிரிக்கா எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே வேட்பாளர்களை நீதித்துறைச் சேவை ஆணையம் பகிரங்கமாக, கேமரா முன்னாலேயே நேர்காணல் செய்கிறது. 2022இல் தலைமை நீதிபதி பதவிக்கு நான்கு பேர் போட்டியிட்டார்கள், அதில் மண்டிசா மாயா ஒருவர்தான் பெண். ஒரு பெண் தலைமை நீதிபதிக்கு நாடு தயாராக இருக்கிறதா என்ற கேள்வி அவரிடம் கேட்கப்பட்டது. ஆண்கள் மூவரிடமும் அப்படி ஒரு கேள்வி எழ வாய்ப்பே இல்லை. ஆணையம் மாயாவையே பரிந்துரைத்தது, ஜனாதிபதி ரமபோசா ரேமண்ட் ஸோண்டோவை நியமித்தார். 2024 செப்டம்பரில்தான் மாயா அந்த நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியானார். எழுத்தில் சட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நேர்காணல் மேசையில் உட்காருபவர் தன் பழக்கங்களையும் கூடவே கொண்டுவருகிறார்.

பிரிட்டனில் இதைப் பற்றி வரும் செய்திகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீதித்துறையில் இத்தனை சதவீதம் பெண்கள் என்று ஒரு நல்ல எண் வந்தால், எந்தத் தட்டு என்று பார்க்க வேண்டும். மாஜிஸ்திரேட்டுகளில் பாதிக்கு மேல் பெண்கள், தீர்ப்பாயங்களிலும் ஏறக்குறைய பாதி. உயர் நீதிமன்றமும் அதற்கு மேலும் என்று பார்த்தால் சுமார் 30 சதவீதம். இனத்திலும் அப்படியே: சிறுபான்மையினர் என்று மொத்தமாகச் சொன்னால் 10 சதவீதத்தை ஒட்டி வரும், அதைப் பிரித்துப் பார்த்தால் கறுப்பின நீதிபதிகள் 100க்கு ஒருவர், 2014இலும் அதேதான். பெண்கள், சிறுபான்மையினர் என்று தனித்தனியாக எண்ணினால் கறுப்பினப் பெண்கள் இரண்டு கணக்கிலும் கரைந்துபோவார்கள்.

2023 அக்டோபரில் இங்கிலாந்து, வேல்ஸ் நீதித்துறையின் தலைமைக்கு முதல் முறையாக ஒரு பெண், சூ கார், வந்தார். அந்தப் பதவியில் 'லேடி சீஃப் ஜஸ்டிஸ்' என்று அழைக்கப்பட்ட முதல் நபரும் அவரே. அதற்கு முந்தைய ஆண்டு, அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றம் வந்திருந்தது. நீதிபதிகளின் கட்டாய ஓய்வு வயது 70இலிருந்து 75 ஆனது. அனுபவசாலிகளை இழக்காமல் இருக்கலாம், தேங்கிய வழக்குகளைத் தீர்க்கலாம் என்று காரணம் சொன்னார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இப்போது மேலே இருப்பவர்கள் அந்த இடங்களில் இன்னும் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம், மொத்தமே 12 இடங்கள் உள்ள நீதிமன்றத்தில் அடுத்த காலியிடமும் அதற்கேற்பத் தள்ளிப்போகும்.